ஐயாவின் காது

கொடிகாமம் சந்தையில் வாழைக்குலைக் கடை வைத்திருக்கும் பொன்னம்பலத்துக்குப் பொய் சொல்ல வராது. கதலிக்குலை பழுத்து நாளாகிவிட்டதென்றால் வாங்க வருகிறவர் கேட்க முன்பே தானாகச் சொல்லிவிடுவார். பக்கத்துக் கடைக்காரர் தலையில் அடித்துக்கொள்வார். அப்படிப்பட்ட மனிதர் ஒரு விஷயத்தைக் கால் நூற்றாண்டாக வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு திரிந்தார் என்றால் நம்புவீர்களா? அதைப் பொய் என்றும் சொல்லிவிட முடியாது. ஒருவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவ்வளவுதான்.

விஷயம் இதுதான். மகன் லக்ஷன் அவருக்குப் பிறந்த பிள்ளை இல்லை.

இரண்டாயிரமாம் ஆண்டு தென்மராட்சிச் சனம் சண்டைக்குப் பயந்து கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது, பொன்னம்பலமும் மனைவி தவமலரும் தொண்டைமானாற்றுப் பக்கம் போய்ச் சந்நிதி முருகன் கோயில் மடமொன்றில் ஒதுங்கினார்கள். கலியாணம் முடித்துப் பல வருடம், பிள்ளை இல்லை. அந்த மடத்தில், பக்கத்துப் பாயில், துணைக்கு ஆளில்லாமல் வந்து கிடந்த ஓர் இளம்பெண்ணுக்குப் பிள்ளை பிறந்தது. பிறந்த கையோடு காய்ச்சல் பிடித்து அந்தப் பெண் கண்ணை மூடிவிட்டாள். ஊர் எது, புருஷன் யார் என்று அவள் சொல்லவுமில்லை, கேட்டு வதைக்க இவர்களுக்கு மனமும் வரவில்லை. பிள்ளையைத் தேடி ஒருவரும் வரவில்லை. தவமலர் தூக்கினவள் தூக்கினவள்தான், பிறகு கீழே இறக்கவேயில்லை. ஊர் திரும்புகிற நேரம் பிள்ளை அவளை அம்மா என்று கூப்பிடத் தொடங்கியிருந்தது. கேட்டவர்களுக்கு "சந்நிதியான் தந்தது" என்றாள். அதிலும் பொய் இல்லைத்தானே.

பொன்னம்பலத்தின் தங்கை குணலட்சுமி அந்தக் காலம் வன்னியில் அகப்பட்டிருந்தாள். சண்டை நின்று பாதை திறந்ததும் முதல் வேலையாக அண்ணை வீட்டுக்கு ஓடிவந்தவள், முற்றத்தில் மண் அளைந்துகொண்டிருந்த பிள்ளையைத் தூக்கி, காதைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மேல்நுனி கொஞ்சம் உள்ளே மடிந்த காது. செத்துப்போன தகப்பனுக்கும் அப்படித்தான்.

"அண்ணை, உது எங்கடை ஐயான்ரை காதெல்லே. மனிசன் செத்தும் காதை விட்டிட்டுப் போயிருக்கிறார்."

பொன்னம்பலம் வாயைத் திறந்தார். தவமலர் அவருடைய காலை மிதித்தாள். மூடிக்கொண்டார்.

அன்று மூடிய வாய்தான். அதன் பிறகு குணலட்சுமி வரும்போதெல்லாம் அந்தக் காதைப் பிடித்து இழுக்காமல் போனதில்லை. கலியாண வீடு, செத்த வீடு எங்கே போனாலும் பெடியனை நிறுத்திவைத்து, காதைக் காட்டி, இரத்தம் என்றால் இரத்தம்தான் என்று நாலு பேருக்குச் சொல்லாவிட்டால் அவளுக்குத் தின்றது செமிக்காது. பொன்னம்பலம் அந்த நேரம் பார்த்து வெற்றிலைத் தட்டைத் தேடப் போய்விடுவார்.

குணலட்சுமிக்கு இரத்தம் பெரிய விஷயம். அவள் முடித்தது சொந்த மச்சானை, அவளுடைய தாய் முடித்ததும் சொந்த மச்சானை. "எங்கடை ஆக்கள் வெளியிலை எடுக்கிறேல்லை" என்பாள். "அண்ணை மட்டும்தான் கைதடியிலை போய் எடுத்தவர்" என்று தவமலரைப் பார்த்து ஒரு சிரிப்பும் சிரிப்பாள். அவளை முடித்த மச்சான் போய்ச் சேர்ந்து கொஞ்சக் காலம். பிள்ளைகள் இரண்டு. மூத்தவள் சாருஜா, விவசாயிகளுக்கான கமநல சேவை நிலையத்தில் வேலை. இளையவன் சுபாஸ்.

சுபாஸ் பிறந்ததிலிருந்தே உடம்பில் சிறுத்த பிள்ளை. வலது கைப் பெருவிரல் சூம்பி, மற்ற விரல்களுக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்த மாதிரி இருக்கும். சாப்பிடாமல் கிடந்தால் இப்படித்தான் என்று எல்லோரும் அவனைத்தான் ஏசினார்கள். பள்ளிக்கூடம் போகிற வயதில் சும்மா தட்டுப்பட்டாலே உடம்பில் நீலம் பாரித்தது. பிறகு மூக்கால் இரத்தம். யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் கட்டிலும் அவனுமாகிப்போனான். உடம்பில் இரத்தம் ஊறவில்லை, வெளியிலிருந்து ஏற்றிக்கொண்டே இருக்கவேண்டியிருந்தது. பொன்னம்பலமும் கொடுத்தார், லக்ஷனும் கொடுத்தான், லக்ஷனின் சிநேகிதர்மாரும் வரிசையில் நின்று கொடுத்தார்கள். பதினாலு வயதில் சுபாஸ் போய்விட்டான். அந்த வீடு அதற்குப் பிறகு நெடுநாள் வானொலி போடவில்லை.

இப்படி இருக்கையில்தான் லக்ஷனுக்கும் சாருஜாவுக்கும் கலியாணப் பேச்சு எழுந்தது. பேச்சு என்ன பேச்சு? அதுகள் இரண்டும் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். லக்ஷன் சந்தைக்குப் பின்னால் தண்ணீர்ப் பம்பு திருத்துகிற கடை வைத்திருந்தான். கமநல சேவை நிலையத்துப் பம்பு மட்டும் ஏன் கிழமைக்கு ஒரு தடவை பழுதாகிறது என்று ஊருக்கே தெரியும். குணலட்சுமிக்குத் தலைகால் தெரியாத சந்தோசம். உரிமைப் பெடியன், முறை மாப்பிள்ளை. சாதகமும் பொருந்தியது. பிறந்த நேரத்தைத் தவமலர் நிமிடம் பிசகாமல் சொன்னாள், பக்கத்துப் பாயில் இருந்தவள் அல்லவா. ஆவணியில் நாளும் வைத்தாகிவிட்டது.

பிறகு சாருஜா ஒருநாள் ஒருவருக்கும் சொல்லாமல், சுபாசைப் பார்த்த டொக்டர் ஜெசிதாவிடம் போய்வந்தாள். அடுத்த கிழமை டொக்டர் இரண்டு வீட்டாரையும் வரச்சொன்னா.

ஜெசிதா குருநகர்ப் பெண், கடற்தொழில் செய்கிற குடும்பம். சுற்றிவளைக்காமல் கதைக்கிற ஆள்.

"அம்மா, எங்கடை உடம்பிலை செல் எண்டுற கலம் கோடிக்கணக்கிலை இருக்கு. ஒவ்வொரு கலத்துக்குள்ளையும் டி.என்.ஏ எண்டு ஒரு நீட்டு நூல் சுருண்டு கிடக்கு. எங்களை எப்பிடிச் செய்யிறது எண்ட விபரம் முழுக்க அதிலைதான். அந்த நூல் ஒவ்வொரு நாளும் அறும். சில இடத்திலை ஒண்டோடை ஒண்டு ஒட்டிப்போகும். உங்களுக்கும் அப்பிடித்தான், எனக்கும் அப்பிடித்தான்."

குணலட்சுமி நெஞ்சைத் தடவினாள்.

"பயப்பிடாதேங்கோ. என்ரை அப்பா கடலுக்குப் போய் வந்தால், வலை ஒரு இடத்திலையெண்டாலும் கிழிஞ்சுதான் இருக்கும். கரையிலை இருந்து கிழிசலைப் பொத்திப்போட்டுத்தான் வீட்டை வருவார். வலை கிழியிறது பிரச்சினை இல்லை, பொத்துறதுக்கு ஆள் இல்லாட்டித்தான் பிரச்சினை. உடம்புக்குள்ளையும் பொத்துற ஆக்கள் இருக்கினம். அவையை உண்டாக்கிற மரபணு எங்கள் எல்லாரிட்டையும் ரெண்டு பிரதி இருக்கு, தாயிட்டை ஒண்டு, தகப்பனிட்டை ஒண்டு. சுபாசுக்கு அந்த ரெண்டுமே பழுது. ரத்தம் ஊறுற இடத்திலை கலம் ஓயாமல் பெருகும். அதாலைதான் அங்கை முதல் அடி விழுந்தது. பன்கோனி எண்டு அந்த வருத்தத்துக்குப் பேர். அந்தச் சூம்பின விரலும் அதாலைதான்."

"நான் நல்லாத்தானே இருக்கிறன் பிள்ளை?"

"ஓம், உங்களிட்டை மற்றப் பிரதி நல்லம். பொத்துறதுக்கு ஒண்டு இருந்தால் காணும். உங்கடை மனிசனும் அப்பிடித்தான் இருந்திருக்கிறார். ரெண்டு பேரும் ஒரே குடும்பம், ஒரே பழுது ரெண்டு பேரிட்டையும் வந்திருக்கு."

டொக்டர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் குணலட்சுமியின் முகம் அப்படியே வாடிப்போனது. வெளியில் எடுக்கிறதில்லை என்று அவள் சொல்லித்திரிந்த பெருமை, மகனுடைய சூம்பின விரலாக வந்து முன்னால் நின்றது. பொன்னம்பலத்துக்குத் தங்கையைப் பார்க்க ஏலாமல் போய்விட்டது.

சாருஜா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "என்ரை ரத்தத்தைப் பாத்தாச்சு. என்னிட்டையும் ஒண்டு பழுது. லக்ஷன் மச்சானிட்டையும் இருந்தால், பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலிலை ஒரு பங்கு சாத்தியமாம்."

"மற்ற மூண்டு பங்கும் நல்லதுதானே" என்றாள் குணலட்சுமி, சத்தமில்லாமல்.

"தம்பி போனதைப் பாத்த பிறகு அந்த ஒரு பங்கையும் என்னாலை தாங்க ஏலாதம்மா. மச்சானிட்டை இருந்தால் நான் முடிக்கமாட்டன்."

பேச்சு அதோடு நின்றது. செய்யவேண்டியது ஒன்றுதான், லக்ஷன் இரத்தம் கொடுக்கவேண்டும். பொன்னம்பலம் மனதுக்குள் சந்நிதியானைக் கும்பிட்டார். பெடியனிடம் பழுது இருக்க வழியில்லை என்பது இந்த உலகத்தில் அவருக்கும் தவமலருக்கும் மட்டும்தான் தெரியும். இரத்தத்தைக் கொடுப்பான், இல்லை என்று வரும், எல்லோரும் கும்பிட்டுவிட்டுக் கலியாணத்தைப் பார்ப்பார்கள். ஒருவரும் ஒன்றும் சொல்லத் தேவையில்லை.

ஆனால் லக்ஷன் போகவில்லை.

ஒருநாள் மிருசுவிலில் பம்பு அவசரம் என்றான். மற்றநாள் சாமான் எடுக்க யாழ்ப்பாணம் போனான், ஆஸ்பத்திரிக்கு முன்னால் பஸ் ஏறி வந்துவிட்டான். ஊசிக்குப் பயமோ என்று கேட்க முடியாது. சுபாசுக்கு எத்தனை தரம் கைநீட்டிப் படுத்தவன். சாருஜா கேட்டுப் பார்த்தாள், கெஞ்சினாள், பிறகு கதைக்கிறதை விட்டுவிட்டாள்.

குணலட்சுமிதான் வேறு வழி கண்டுபிடித்தாள். டொக்டரிடம் கேட்டுக்கொண்டு நேரே வாழைக்குலைக் கடைக்கு வந்தாள்.

"அண்ணை, பெடியனை விடுங்கோ. நீங்கள் ரத்தத்தைக் குடுங்கோ. உங்களிட்டை இல்லையெண்டால் அவனுக்கு வர வழியில்லையாம். மச்சாள் வேறை பகுதிதானே, அவவிட்டை இருக்காதாம்."

என்ன சொல்வது? மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பாள். பொன்னம்பலம் போய்க் கொடுத்தார். தன்னிடமும் இல்லை என்று வந்துவிட்டால் அலுவல் முடிந்தது என்று தன் பாட்டில் ஒரு கணக்கும் போட்டுக்கொண்டார்.

மனிதருடைய கணக்கு எப்போது சரிவந்தது? அவரிடம் இருந்தது.

"தங்கச்சியிட்டை இருக்கிற அதே பழுதுதான் ஐயா. உங்களுக்கு ஒண்டும் செய்யாது. ஆனால் மகனுக்கு வந்திருக்க அரைவாசிச் சாத்தியம் இருக்கு" என்றா டொக்டர் ஜெசிதா.

பஸ்ஸில் திரும்பி வரும்போது பொன்னம்பலத்துக்குப் பைத்தியக்காரத்தனமாக ஒரு விசர் எண்ணம் வந்தது. தன்னுடைய மூக்கோ முழியோ நடையோ ஒன்றும் மகனுக்குப் போகவில்லையே என்று எத்தனையோ தடவை உள்ளுக்குள் அழுதிருக்கிறார். இன்றைக்கு, நல்லகாலம் ஒன்றும் போகவில்லை என்று சந்தோசமாக இருந்தது. சந்தோசப்பட்டதற்காக வெட்கமாகவும் இருந்தது. நாவற்குழிப் பாலம் தாண்டும்வரை முகத்தைச் சால்வையால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

வீட்டுக்கு வந்தபோது தவமலர் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"சொல்லுவமோ?" என்றார்.

"என்னத்தை?"

"அதைத்தான்."

தவமலர் துருவுவதை நிறுத்தவில்லை. இருவரும் அதைப் பற்றிக் கதைப்பது இதுதான் முதல் தடவை. தங்களுக்குள்ளேகூட அவர்கள் அதைச் சொல்லிக்கொண்டதில்லை.

"அவன் விட்டிட்டுப் போகமாட்டான், எனக்குத் தெரியும்" என்றாள் கடைசியில். "ஆனால் அம்மா எண்டு கூப்பிட வாயைத் திறக்கேக்கை ஒரு கணம் யோசிப்பான். இவ என்ரை அம்மாதானோ எண்டு. அந்த ஒரு கணம் எனக்கு வேண்டாம். என்னாலை தாங்க ஏலாது, இஞ்சருங்கோ."

தேங்காய்ச் சிரட்டை வரைக்கும் துருவி, கறுப்புப் பொட்டும் சேர்ந்து விழுந்தது. பொன்னம்பலம் எழும்பிப் போனார்.

இரண்டு நாள் கழித்து சாருஜா கடைக்கு வந்தாள். வழக்கமாக வந்தால் ஒரு கதலிப்பழத்தைப் பிய்த்துத் தின்றுகொண்டே கதைக்கிற பிள்ளை, அன்றைக்குக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"மாமா, வவுனியாவுக்கு வேலை மாற்றம் கேக்கப் போறன். ஆவணி நாளை விட்டிடுவம். மச்சான் ரத்தம் குடுக்கமாட்டாராம். ஏனெண்டும் சொல்லுறாரில்லை. பழுது இருக்கெண்டால் ரெண்டு பேரும் சேந்து அழலாம். சொல்லாமல் இருக்கிறதை நான் என்ன செய்யிறது?"

அழமாட்டேன் என்று வந்தவள், போகும்போது அழுதுகொண்டுதான் போனாள். பொன்னம்பலம் கடையைச் சாக்கால் மூடினார். சந்தை நாளில் வெயில் ஏற முன்பே கடையைச் சாத்திய மனிதரைப் பார்த்துப் பக்கத்துக் கடைக்காரர் சுகமில்லையோ என்று கேட்டார். "சுகம் வாற அலுவலாத்தான் போறன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் தங்கையையும் சாருஜாவையும் வீட்டுக்குக் கூப்பிட்டார். விறாந்தையில் கதிரைகளைப் போட்டார்கள். லக்ஷன் கிறீஸ் கையைக் கழுவிவிட்டு வந்து, சாருஜாவுக்கு எதிரில் இருக்காமல் ஓரமாக இருந்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை.

"ஒரு விஷயம் சொல்லவேணும்" என்று தொடங்கினார் பொன்னம்பலம்.

தொடங்கியதும் தன்னை அறியாமல் தன் காலைப் பார்த்தார். இப்போது மிதி விழும் என்று காத்திருந்தார். விழவில்லை. தவமலர் தன் இரண்டு காலையும் கதிரைக்கு அடியில் இழுத்து வைத்துக்கொண்டு, கைகளை மடியில் இறுக்கிப் பிடித்தபடி, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சொன்னார். சந்நிதி மடத்தைச் சொன்னார், பக்கத்துப் பாயைச் சொன்னார், காய்ச்சலைச் சொன்னார். நீட்டாமல், மழுப்பாமல், பழுத்த குலையைப் பழுத்தது என்று சொல்கிறவர் மாதிரியே சொன்னார். "எங்கடை வீட்டுப் பழுது அவனிட்டை வந்திருக்க ஏலாது. நானும் மலரும் அவனைப் பெறேல்லை" என்று முடித்தார்.

லக்ஷன் தரையைப் பார்த்தபடி சொன்னான்.

"எனக்குத் தெரியும் அப்பா."

"எப்பிடியடா தெரியும்?"

"சுபாசுக்கு ரத்தம் குடுக்கப் போனம்தானே. உங்கடை ரத்த வகை ஓ எண்டு சொல்லிச்சினம், என்ரை ஏபி எண்டு சொல்லிச்சினம். அம்மான்ரை கிளினிக் கொப்பியிலையும் ஓ எண்டுதான் கிடந்தது. ஓ தகப்பனுக்கும் ஏபிப் பிள்ளை பிறக்காது, ஓ தாய்க்கும் பிறக்காது. பள்ளிக்கூடத்திலை படிச்சதுதான்."

"அடப் பாவி, ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் சொல்லேல்லையே. நீங்கள் சொல்லாததை நான் சொன்னால், நீங்கள் என்ரை அப்பா இல்லையெண்டு நானே சொன்ன மாதிரியெல்லே போகும்." அவன் சாருஜாவின் பக்கம் திரும்பினான். "ரத்தம் குடுத்தால் அப்பான்ரையோடை வைச்சுப் பாத்து, டொக்டர் எல்லாருக்கும் முன்னாலை கேட்டிடுவாவோ எண்டு பயம். உன்னட்டைச் சொல்லுவம் எண்டால், அதுவும் அவைக்குத் தெரியாமல் அவையைப் பற்றிக் கதைக்கிற மாதிரி இருந்தது. நாளைக்கே போய்க் குடுக்கிறன், சாரு."

"விசரன்" என்றாள் சாருஜா. மூக்கை உறிஞ்சினாள். "சரியான விசரன். நான் வவுனியாவுக்குப் போயிருந்தால் என்ன செய்திருப்பியள்?"

"வவுனியாவிலையும் பம்பு பழுதாகும்தானே."

தவமலர் இவை ஒன்றையும் கேட்கவில்லை. சுபாஸ் ஆஸ்பத்திரியில் கிடந்த காலத்திலிருந்து அவனுக்குத் தெரியும். அதற்குப் பிறகு எத்தனை ஆயிரம் தடவை அம்மா என்று கூப்பிட்டிருப்பான்? தேத்தண்ணிக்குக் கூப்பிட்டிருக்கிறான், உடுப்பைக் காணவில்லை என்று கத்தியிருக்கிறான், காய்ச்சலில் முனகியிருக்கிறான். எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். அந்த ஒரு கணம் எங்கேயும் இருக்கவில்லை. அப்போதுதான் அவள் மடியில் இறுக்கிய கைகளை விட்டாள், விட்டதும் அழுகை வந்தது. லக்ஷன் எழும்பி வந்து அவளுடைய கதிரைக் கையில் இருந்து, தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

மிச்சம் குணலட்சுமிதான். இரத்தம் என்றால் இரத்தம்தான் என்று ஊர் முழுக்கச் சொன்ன வாய் அது. பொன்னம்பலம் பழுது சோதிக்கக் கைநீட்டியபோதும் இவ்வளவு பயப்படவில்லை.

"அவள் ஆர்..." என்று தொடங்கினாள் குணலட்சுமி.

எந்த ஊர், எந்தப் பகுதி என்று கேட்கப்போகிறாள். பொன்னம்பலம் கதிரையின் கையை இறுக்கிப் பிடித்தார். தவமலர் அழுகையை நிறுத்தினாள்.

"அவள் ஆராயிருந்தால் என்ன" என்றாள் குணலட்சுமி. பிள்ளையைச் சாகக்கொடுத்த ஒரு தாய், பிள்ளையை விட்டுச் செத்த இன்னொரு தாயைப் பற்றிக் கேட்டாள். "கண்ணை மூட முந்திப் பிள்ளையை ஒருக்கா வடிவாப் பாத்தவளே மச்சாள்?"

தவமலர் முகத்தைத் துடைத்தாள்.

"பாத்தவ. நான்தான் பிள்ளையைப் பக்கத்திலை கிடத்தினனான். அவவாலை கதைக்க ஏலாது. உந்தக் காதைத்தான் தடவிக்கொண்டு கிடந்தவ. தன்ரை காதையும் தொட்டுக் காட்டினவ."

குணலட்சுமி எழும்பி வந்தாள். லக்ஷனுடைய காதைப் பிடித்தாள். இழுக்கவில்லை. மடிந்த நுனியை விரலால் மெதுவாக நிமிர்த்திப் பார்த்தாள், விட்டதும் அது திரும்ப மடிந்துகொண்டது.

"இவ்வளவு காலமும் அவளின்ரை காதையெல்லே நான் ஐயான்ரை எண்டு ஊரெல்லாம் காட்டிக்கொண்டு திரிஞ்சிருக்கிறன்" என்றாள்.

"பறவாயில்லை மாமி" என்றான் லக்ஷன்.

"என்ன பறவாயில்லை? ஐயான்ரை இல்லையெண்டு நான் சொன்னனானே? ரெண்டு பேரின்ரையும் எண்டு வைச்சுக்கொள்ளுவம்." வழக்கம்போல ஓர் இழுவை இழுத்தாள். "ஆவணிக்கு இனி எத்தினை நாள் கிடக்கு? மச்சாள், எழும்பித் தேத்தண்ணியைப் போடுங்கோ."